பெட்டா மீனுக்கு உடம்பு சரியில்லையா? வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஒரு முழு வழிகாட்டி

என் முதல் பெட்டா நோயால் சாகவில்லை, என் வைத்தியத்தால் செத்தது. வால் ஓரம் லேசாகக் கிழிந்திருந்தது, அவ்வளவுதான். பதறிப்போய் நீல மருந்து, மஞ்சள் மருந்து, ஒரு பிடி உப்பு என்று ஒரே சாயங்காலத்தில் மூன்றையும் கொட்டினேன். காலையில் மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே தொங்கியது. உடனே தண்ணீர் முழுவதையும் மாற்றினேன். அன்று இரவு முடிந்துவிட்டது. அது இருந்தது ஃபில்டர் இல்லாத இரண்டு லிட்டர் கண்ணாடிக் கிண்ணத்தில். அதில் மீனின் கழிவிலிருந்து அமோனியா என்ற விஷம் சேரும் என்பதே எனக்கு அப்போது தெரியாது.

ஃபைட்டர் என்று நாம் சொல்லும் இந்த மீன் லேசில் சாகாத ஜாதி. தாய்லாந்துப் பக்கம் வயல்களிலும் சதுப்புகளிலும் வாழ்ந்த இனம். செவுளோடு கூட லாபிரிந்த் என்ற உறுப்பும் இருப்பதால் மேலே வந்து காற்றை நேராக விழுங்கி மூச்சு விடும். அந்தத் திறமையே அதற்கு வினையாகவும் ஆகிறது. வேறு மீன் திணறிச் சாகும் தண்ணீரில்கூட இது பல நாள் தாக்குப்பிடிக்கும், நாமும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். நோய் நம் கண்ணில் படும்போது தண்ணீர் கெட்டு ரொம்ப நாளாகியிருக்கும். அதனால் முதலில் தண்ணீர், அடுத்து வெப்பம், அடுத்து ஓய்வு, கடைசியில் மருந்து. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

முதல் படி: கையை வைக்காமல் பத்து நிமிடம் பாருங்கள்

நாற்காலி போட்டு உட்காருங்கள். செவுள் வேகமாக அடிக்கிறதா? வழக்கத்தைவிட அடிக்கடி மேலே போய் காற்று குடிக்கிறதா? துடுப்புகளை உடம்போடு ஒட்டி மடக்கி வைத்திருக்கிறதா? தொட்டியில் கிடக்கும் கல்லிலோ செடியிலோ சட்டென்று உரசிக்கொண்டு போகிறதா? அப்புறம் ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து உடம்பைப் பாருங்கள், மேலிருந்தும் பாருங்கள். மேலிருந்து பார்ப்பதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். வயிறு வீங்கியிருப்பதும் செதில் தூக்கி நிற்பதும் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.

ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், தினமும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். நேற்றைவிடத் தேவலையா மோசமா என்பதை நினைவை நம்பிச் சொல்ல முடியாது. கவலையில் இருக்கும் கண் எல்லாவற்றையும் மோசமாகவே பார்க்கும்.

இரண்டாம் படி: தண்ணீரைச் சோதியுங்கள்

அமோனியா 0, அது மாறி உண்டாகும் நைட்ரைட் 0. இவை இரண்டிலும் பேரம் கிடையாது. கடைசியில் உண்டாகும், அவ்வளவு விஷமில்லாத நைட்ரேட் 20 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) பக்கம் இருந்தால் நல்லது, 40ஐத் தாண்ட விடக்கூடாது. வெப்பம் 25 முதல் 27 டிகிரி செல்சியஸ். பிஹெச், அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மை, 6.5க்கும் 7.5க்கும் நடுவில் இருந்தால் போதும். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அது நிலையாக இருப்பதுதான் முக்கியம். எண்ணைத் துரத்திக்கொண்டு பிஹெச் பொடிகளைப் போடுவது மீனை இன்னும் நோகடிக்கும்.

டெஸ்ட் கிட் கையில் இல்லையென்றால் தண்ணீர் கெட்டிருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். வாரா வாரம் தண்ணீர் மாற்றிவந்த தொட்டியானால் இன்று 30 முதல் 50 சதவீதம் மாற்றலாம். புதுத் தண்ணீர் பழையதன் வெப்பத்திலேயே இருக்க வேண்டும், குளோரினை முறிக்கும் ஆன்டி குளோரின் மருந்து போட்டிருக்க வேண்டும். ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் சில ஊர்களில் குளோரினுக்குப் பதில் குளோரமைன் கலக்கிறார்கள், அது அப்படிப் போகாது. சில சொட்டு மருந்துக்குக் கஞ்சத்தனம் வேண்டாம்.

பல மாதம் தண்ணீரே மாற்றாத தொட்டி என்றால் கதை வேறு. அங்கே அவசரப்பட்டு முக்கால்வாசியை மாற்றினால் மீன் போய்ச் சேரும். பழைய தண்ணீரில் பிஹெச் கீழே இறங்கியிருக்கும். அந்த அமிலத்தன்மையில் சேர்ந்த அமோனியாவின் பெரும்பகுதி அம்மோனியம் என்ற அவ்வளவு விஷமில்லாத வடிவில் இருக்கும். புதுத் தண்ணீர் வந்ததும் பிஹெச் ஏறி, அதே சரக்கு விஷமாக மாறிவிடும். "சுத்தமான தண்ணீர்தானே ஊற்றினேன், எப்படிச் செத்தது?" என்று கேட்பவர்களில் பலர் இந்தக் குழியில் விழுந்தவர்கள். அப்படிப்பட்ட தொட்டியில் தினம் 10 முதல் 15 சதவீதமாக ஒரு வாரம் மாற்றுங்கள். அமோனியாவைக் கட்டிப்போடும் வகை ஆன்டி குளோரின் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். கட்டுப்பட்ட அமோனியாவையும் சில டெஸ்ட் கிட்கள் எண்ணாகக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து மருந்தளவை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள்.

ஃபில்டரைக் கழுவுவதாக இருந்தால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஸ்பாஞ்சைப் பிழியுங்கள். அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. புதுத் தொட்டியில் அது நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும். குழாயடியில் காட்டினால் அத்தனையும் ஒரு நிமிடத்தில் போய்விடும்.

இங்கே நிறுத்தி ஒரு நாள் காத்திருங்கள். மூச்சுத் திணறல், வெண்புள்ளி, செதில் தூக்கல் எதுவும் இல்லாமல் வெறுமனே சோர்ந்து கிடக்கும் மீன்களில் பாதிக்கு மேல் இத்தோடு எழுந்துகொள்வதைத்தான் என் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் படி: தனித் தொட்டி

தனியாக இருக்கும் பெட்டாவைத் தண்ணீர் நன்றாக உள்ள தொட்டியிலிருந்து சும்மா இடம் மாற்ற வேண்டாம். கூட வேறு மீன்கள் இருந்தாலோ, உப்பு அல்லது மருந்து போட வேண்டியிருந்தாலோ தனித் தொட்டி தேவை. உப்பு செடிகளைக் கருக்கும், மெத்திலீன் ப்ளூ என்ற நீல மருந்து ஃபில்டர் பாக்டீரியாவைக் கொல்லும்.

5 முதல் 10 லிட்டர் பிடிக்கும், சோப்பு படாத பிளாஸ்டிக் டப்பா போதும். மண், கல் எதுவும் வேண்டாம். தண்ணீர் ஆழம் 12 முதல் 15 செ.மீ. இருக்கட்டும், பலவீனமான மீன் மூச்சுக்காக ரொம்ப தூரம் ஏற வேண்டியிருக்காது. மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழே சாய்ந்துகொள்ள ஒரு அகலமான மெல்லிய இலை, பட்டுத் துணியில் செய்ததோ பிளாஸ்டிக்கோ. பிளாஸ்டிக் என்றால் முதலில் விரலால் தடவிப் பாருங்கள், விளிம்பு கீறினால் வாலையும் கீறும். சின்ன ஹீட்டர், தெர்மாமீட்டர் இரண்டும் அவசியம். மூடி போடுங்கள், ஆனால் காற்றுக்கு இடைவெளி விடுங்கள். நோயாளி மீனும் குதிக்கும். மூடிக்குக் கீழே நிற்கும் வெதுவெதுப்பான ஈரக்காற்றும் அதற்கு நல்லது.

டப்பாவில் நிலைபெற்ற ஃபில்டர் இல்லாததால் தினமும் பாதித் தண்ணீர் மாற்றியே ஆக வேண்டும். இதில் சோம்பல் பட்டால் நோயிலிருந்து காப்பாற்றி அமோனியாவுக்குக் கொடுத்தது போல ஆகிவிடும்.

நாட்டு வாதாம் மரத்தின் காய்ந்த இலை கிடைத்தால் கழுவி ஒரு துண்டு போடலாம். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும். அதில் இறங்கும் டானின் கிருமிகளை லேசாக அடக்கும், பெட்டாவுக்கும் அந்த நிறத் தண்ணீர் பழகியதுதான். ஆனால் அதை மருந்து என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

உப்பு: அளந்து போட்டால் மருந்து

அயோடினும் வேறு எதுவும் சேர்க்காத வெறும் உப்பு வேண்டும். தொடக்க அளவு லிட்டருக்கு 1 கிராம். 5 லிட்டர் டப்பாவுக்கு 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன் அளவு. சமையலறைத் தராசு இருந்தால் அதையே நம்புங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, ஒரு மணி நேரத்தில் மூன்று தவணையாக ஊற்றுங்கள். உப்புக்கல் நேராக மீன்மேல் பட்டால் தோல் வெந்துவிடும்.

தேவைப்பட்டால் மறுநாள் லிட்டருக்கு 2 கிராமாக ஏற்றலாம். 3 கிராமைத் தாண்ட வேண்டாம், பத்து நாளுக்கு மேல் நீட்டவும் வேண்டாம். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு போகாது என்பதை நினைவில் வையுங்கள். வற்றிய அளவுக்கு வெறும் தண்ணீர் ஊற்றினால் போதும். 2.5 லிட்டர் எடுத்துவிட்டுப் புதிது ஊற்றினால் அந்த 2.5 லிட்டருக்கு மட்டும் உப்புப் போடுங்கள். தண்ணீரில் நைட்ரைட் ஏறியிருந்தாலும் உப்பு கைகொடுக்கும். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதைத் தடுக்கிறது.

எப்சம் உப்பு வேறு சரக்கு. அது மக்னீசியம் சல்பேட். மலச்சிக்கலுக்கும் வீக்கத்துக்கும் பயன்படுவது. இரண்டையும் ஒன்று என்று நினைத்து மாற்றிப் போடாதீர்கள்.

என்ன நோய் என்று கண்டுபிடிப்பது

துடுப்பு அழுகலில் ஓரம் பிசிறு பிசிறாக, கருப்பாகவோ சிவப்பாகவோ இருக்கும், நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ராத்திரி முழுசாக இருந்த வால் காலையில் அரைவட்டமாக, கத்தரித்தது போலக் காணாமல் போயிருந்தால் அது அழுகல் இல்லை. மீனே தன் வாலைக் கடித்துக்கொண்டது. நீண்ட துடுப்பு வகைகளில் இது சகஜம். கனத்த துடுப்பை இழுத்துக்கொண்டு ஃபில்டர் வேகத்தில் நீந்தி அலுத்துப்போனாலும் கடிக்கும், கண்ணாடியில் தன் பிம்பத்தைப் பார்த்துச் சீறிச் சீறி அலுத்தாலும் கடிக்கும். இரண்டுக்கும் முதல் வைத்தியம் சுத்தமான தண்ணீர்தான். அழுகலுக்கு ஒரு வாரம் உப்பு சேர்த்துப் பாருங்கள். அது உடம்பை நோக்கி ஏறினால் மட்டும் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. ஆறத் தொடங்கியதும் ஓரத்தில் கண்ணாடிக் காகிதம் போல நிறமில்லாத ஒரு விளிம்பு தெரியும். பூஞ்சை என்று பயந்து அதற்கும் மருந்து போட்டவர்கள் உண்டு. அது புதிதாக முளைக்கும் துடுப்பு, நிறம் பிறகு வரும்.

உடம்பில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது வெண்புள்ளி நோய், மீன்காரர்கள் 'இக்' என்பார்கள். புள்ளிக்குள் ஓர் ஒட்டுண்ணி தோலுக்கடியில் வளர்கிறது. முற்றியதும் கீழே விழுந்து, கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் பெருகி, மறுபடி மீனைத் தேடி நீந்தி வரும். மருந்தும் உப்பும் கொல்வது அப்படி நீந்தித் திரியும் பருவத்தை மட்டும்தான். புள்ளி மறைந்ததும் வைத்தியத்தை நிறுத்தினால் ஒரு வாரத்தில் இரண்டு மடங்காக வருவது இதனால்தான். வெப்பத்தைச் சில மணி நேரத்துக்கு 1 டிகிரி வீதம் 29, 30 வரை ஏற்றினால் ஒட்டுண்ணியின் சுழற்சி வேகமாகும், மருந்துக்குச் சீக்கிரம் மாட்டும். குறைந்தது பத்து நாள். கடைசிப் புள்ளி போன பிறகும் மூன்று நான்கு நாள் தொடருங்கள். கூட இருந்த மீன்களுக்கும் சேர்த்தே வைத்தியம்.

டார்ச் அடித்தால் தங்கப்பொடி பூசியது போல மின்னினால் வெல்வெட். மீன் துடுப்பை மடக்கி, உரசிக்கொண்டே இருக்கும். இது வெண்புள்ளியைவிட வேகமாகக் கொல்லும், காத்திருக்க நேரமில்லை. இந்த ஒட்டுண்ணி ஒளியிலும் உணவு தயாரிக்கும் என்பதால் விளக்கை அணைத்து, தொட்டியைத் துணியால் மூடி இருட்டாக்குங்கள். தாமிரம் கலந்த மருந்து இதற்கு வேலை செய்யும். நத்தையும் இறாலும் உள்ள தொட்டியில் அதை ஒருபோதும் போடக்கூடாது.

வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியது போல இருந்தால் எல்லோரும் பூஞ்சை என்பார்கள். உண்மையான பூஞ்சை பெரும்பாலும் பழைய காயத்தில் நூல்நூலாக நீட்டி நிற்கும். வாயைச் சுற்றியோ, முதுகில் சேணம் போட்டது போலவோ சாம்பல் திட்டு ஒட்டிப் படர்ந்தால் அது காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா. வெப்பம் கூடக்கூட இது வேகம் எடுக்கும். வெண்புள்ளிக்குச் செய்தது போல இங்கே சூடேற்றினால் ஓரிரு நாளில் மீன் போய்விடும். 24, 25 டிகிரியில் வைத்து, உப்பும் போட்டு, உடனே பாக்டீரியா மருந்துக்கு வழி பாருங்கள். எல்லா நோய்க்கும் சூடு நல்லது என்று ஒரு பேச்சு உண்டு, அதை நம்பாதீர்கள்.

சாய்ந்து மிதக்கிறது, ஆனால் தீனியைப் பார்த்தால் ஆவலாக வருகிறது என்றால் பெரும்பாலும் அதிகம் தின்று வயிறு அடைத்திருக்கிறது. வீங்கிய குடல், மீன் மிதக்க உதவும் காற்றுப்பையான நீச்சல் பையை அழுத்துகிறது. இரண்டு மூன்று நாள் பட்டினி போடுங்கள். பிறகு ஒன்றிரண்டு டாஃப்னியா (ஓடுள்ள நுண்ணிய நீர்வாழ் உயிரி) கொடுங்கள், அதன் ஓடு குடலைத் தள்ளிவிடும். தோலுரித்த பட்டாணி கொடுக்கச் சொல்வார்கள். பெட்டா பூச்சி தின்னும் மீன், பட்டாணியைச் செரிக்கும் வயிறு அதற்கு இல்லை. பட்டினிக்கு அசையவில்லை என்றால் 4 லிட்டர் தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் எப்சம் உப்பைக் கரைத்து, அதே வெப்பத்தில், 10 நிமிடம் குளிப்பாட்டலாம். பக்கத்திலேயே இருங்கள். துவண்டால் உடனே எடுத்துவிடுங்கள்.

ஒரு கண் மட்டும் புடைத்திருந்தால் எங்கேயோ இடித்துக்கொண்டிருக்கலாம், சுத்தமான தண்ணீர் போதும். இரண்டு கண்ணும் என்றால் தண்ணீரோ உள்தொற்றோ காரணம்.

மருந்து போடும்போது

ஒரு நேரத்தில் ஒரே மருந்து. தொட்டியின் அட்டையில் போட்ட லிட்டரை நம்பாமல், ஒரு லிட்டர் பாட்டிலால் எண்ணி ஊற்றி உண்மையான அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். மண்ணும் கல்லும் போக 20 லிட்டர் தொட்டியில் 16தான் இருக்கும். ஃபில்டரில் கரித்துண்டு இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும். அட்டையில் சொன்ன நாள் வரை முழுசாகக் கொடுங்கள். ஆன்டிபயாடிக்கை ஊகத்தில் போட வேண்டாம். மீன் பார்க்கும் கால்நடை மருத்துவர் எட்டும் தூரத்தில் இருந்தால், தினசரி போட்டோக்களையும் தண்ணீர் எண்களையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

உங்கள் கையையும் கவனியுங்கள். மீன் தொட்டியில் இருக்கும் ஒருவகை மைக்கோபாக்டீரியா, வெட்டுக்காயம் வழியாக நம் தோலுக்கும் வரும். கையில் காயம் இருந்தால் உறை போடுங்கள். குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

தீனி

உடம்பு சரியில்லாத மீனைத் தின்ன வைக்க நாம்தான் துடிக்கிறோம். பெட்டா ஒரு வாரம் தின்னாமல் தாங்கும். தினம் ஒரு குருணையை மட்டும் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் தொடவில்லை என்றால் துளிகுழாயால் எடுத்துவிடுங்கள். தொடத் தொடங்கியபின் உறைந்த டாஃப்னியாவோ ரத்தப்புழுவோ கரைத்துக் கொடுத்தால் ருசி கண்டு வரும். குணமான பிறகும் வேளைக்கு இரண்டு மூன்று குருணை, நாளைக்கு இரண்டு வேளை போதும்.

காப்பாற்ற முடியாதபோது

மேலிருந்து பார்க்கையில் செதில்கள் விரிந்து பைன் மரக்காய் போலத் தெரிந்தால் அது டிராப்ஸி. நம் பழைய சொல்லில் மகோதரம். இது தனி நோய் இல்லை, பெரும்பாலும் சிறுநீரகம் வேலை நிறுத்தியதன் அடையாளம். சினைப்பட்ட பெண் மீனுக்கும் வயிறு உருண்டிருக்கும். ஆனால் செதில் படிந்தே இருக்கும், வயிற்றடியில் வெள்ளைப் புள்ளி தெரியும். அதைப் பார்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். செதில் தூக்கியபின் பிழைப்பது அரிது. சுத்தமான தண்ணீரும் அமைதியும் கொடுத்து இரண்டு நாள் பார்க்கலாம்.

மூச்சுக்குக்கூட மேலே வர முடியாமல், புரண்டு கிடந்து அவதிப்பட்டால் முடித்துவைப்பதுதான் கருணை. மருத்துவர் இருந்தால் அவரிடம் விடுங்கள். இல்லையென்றால் கிராம்பு எண்ணெய். வெதுவெதுப்பான தண்ணீரோடு ஒரு சின்ன பாட்டிலில் பால்போல வரும்வரை குலுக்கி, மீன் இருக்கும் தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு மூன்று சொட்டு என்ற கணக்கில் மெதுவாக ஊற்றுங்கள். சில நிமிடத்தில் மயங்கிச் சாயும். அதன்பிறகு லிட்டருக்குப் பத்துச் சொட்டுக்குக் குறையாமல் சேருங்கள். செவுள் அசைவு நின்ற பிறகும் அரைமணி நேரம் அதிலேயே விடுங்கள். உயிரோடு ஃப்ரீசரில் வைப்பதும் கழிப்பறையில் விடுவதும் வேண்டாம்.

குணமானபின்

அறிகுறி எல்லாம் போய் ஒரு வாரம் ஆகட்டும். தண்ணீர் மாற்றும்போதெல்லாம் உப்புச் சேர்க்காமல் விட்டு, மூன்று நாளில் உப்பைக் குறைத்துவிடுங்கள். வெண்புள்ளி வந்த தொட்டியில் வேறு மீன் இல்லை என்றால், மீன் இல்லாமலேயே 28 டிகிரியில் பத்து நாள் ஓட விட்டால் ஒட்டுண்ணி பட்டினியில் செத்துப்போகும். ஃபில்டர் பாக்டீரியா சாகாமல் இருக்க நாளுக்கு ஒரு குருணை போட்டுக்கொண்டிருங்கள். வலை, குழாய் எல்லாவற்றையும் நன்றாகக் காய வைத்து எடுங்கள்.

மீனை ஒரு கப்பில் எடுத்து மிதக்கவிட்டு, பெரிய தொட்டியின் தண்ணீரை அரைமணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து இறக்கிவிடுங்கள். முதல் நாள் விளக்குப் போட வேண்டாம். மறுநாள் காலை அது ஓர் இலைமேல் சாய்ந்து அசையாமல் கிடக்கலாம். கண்ணாடியைத் தட்டாமல் ஒரு நிமிடம் செவுளைப் பாருங்கள். மெதுவாக, சீராக அடித்தால் தூங்குகிறது. பெட்டா அப்படித்தான் தூங்கும்.